இடம் நிரம்பிய ரோமிங் புரொபைல்: திருகோணமலை அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரில் தலைமை அலுவலகமும் மூதூரில் ஒரு கிளையும் உள்ள நிறுவனம். வாழ்வாதார உதவி கேட்கும் குடும்பங்களின் விண்ணப்பங்களைப் பெற்று, வீடு வீடாகப் போய்ப் பார்த்து, பயனாளிகள் பட்டியல் தயாரிப்பதுதான் அங்கு முக்கிய வேலை. கிண்ணியாவில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலம் 2009இல் பாலம் திறந்ததோடு முடிந்துவிட்டது. அதனால் கள உத்தியோகத்தர்கள் ஒரே நாளில் இரண்டு அலுவலகங்களிலும் வேலை பார்ப்பது வழமையாகிவிட்டது. எந்தக் கணினியில் அமர்ந்தாலும் தங்கள் கோப்புகள் கண்முன் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய தேவை. அதற்காகவே அங்கு ரோமிங் புரொபைல் என்ற ஏற்பாடு வைக்கப்பட்டிருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒருவருடைய டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள், செயலிகளின் அமைப்புகள் எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு (அதுதான் புரொபைல்) சேர்வர் என்ற மையக் கணினியில் ஒரு பிரதி இருக்கும். உள்நுழையும்போது சேர்வரில் உள்ளது கணினிக்கு இறங்கும். வெளியேறும்போது கணினியில் மாறியது சேர்வருக்கு ஏறும். வேலை நடக்கும் நேரத்தில் கோப்பு அந்தக் கணினியின் வன்தட்டில்தான் இருக்கிறது. "சேவ்" அழுத்தினால் உடனே சேர்வருக்குப் போய்விடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படிப் போவதில்லை. ஏறுவது வெளியேறும் நேரத்தில்தான்.

புரொபைல் ஒன்றுக்கு 2 ஜீபி எல்லை வைத்திருந்தார்கள். எல்லையைத் தாண்டினால் திரையின் கீழ் மூலையில் ஓர் ஆங்கிலச் செய்தி எழும்பும்: உங்கள் புரொபைலுக்கான இடம் முடிந்துவிட்டது, சிலவற்றை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்பது அதன் சாரம். இந்த எல்லையின் விளைவு காலப்போக்கில் மாறிவிட்டது. விண்டோஸ் விஸ்டாவுக்கு முந்திய பதிப்புகளில் இடத்தைக் குறைக்கும்வரை வெளியேறவே விடாது. எரிச்சலாக இருந்தாலும் யாருக்கும் அது தெரியாமல் போகாது. விஸ்டாவிலிருந்து வெளியேற விட்டுவிடுகிறது. ஆனால் அந்தப் புரொபைலைச் சேர்வருக்கு ஏற்றுவதில்லை. பாவிப்பவர் வழமைபோல் வீட்டுக்குப் போகிறார். அன்றைய வேலை அந்த ஒரு கணினியில் மட்டும் தங்கிவிடுகிறது. நடந்தவை எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

நடந்தது

இந்த நிகழ்வில் சம்பந்தப்பட்டவர் அனுபவமுள்ள பெண் கள உத்தியோகத்தர். கார்த்திகை மாத நடுப்பகுதியில் நகர அலுவலகக் கணினியில் அந்தச் செய்தி வரத் தொடங்கியது. வடகீழ்ப் பருவமழை பிடித்திருந்த காலம். மூதூர்ப் பயணங்கள் இரண்டு கிழமைக்கு மேல் நின்றிருந்தன. ஒரே கணினியில் இருந்தபடியால் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நேற்று வைத்தது இன்று அதே இடத்தில் இருந்தது.

செய்தியை அவர் அலட்சியம் செய்யவில்லை, தனக்குத் தெரிந்த வழிகளில் இடம் எடுக்கப் பார்த்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். முதலில் ரீசைக்கிள் பின்னை வெறுமையாக்கி, தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் வசதியையும் ஓடவிட்டார். பிறகு டெஸ்க்டொப்பில் இருந்த படக் கோப்புறையைச் சேர்வரின் பொது டிரைவுக்கு இழுத்துப் போட்டார். அதற்கும் செய்தி நிற்கவில்லை. பொது டிரைவில் தன்னுடைய பழைய ஸ்கேன் கோப்புறை ஒன்றை முழுதாக அழித்தார்.

மார்கழி முதல் கிழமையில் மழை விட்டது. ஆண்டு முடிவுக்குள் பட்டியலைக் கொடுத்தாக வேண்டிய அவசரம். மூதூருக்குப் போய் அங்குள்ள கணினியில் உள்நுழைந்து, பயனாளிகள் பட்டியலை எக்செலில் திறந்து, பகல் முழுக்க அந்தப் பிரதேசப் பெயர்களை ஏற்றினார். பின்னேரம் வெளியேறிய பிறகுதான், நகரத்தில் இருந்து ஏற்றிய குச்சவெளிப் பெயர்களைப் பட்டியலில் காணாதது நினைவில் தட்டியிருக்கிறது. உடனே கணினிப் பிரிவில் இருக்கும் எனக்கு அழைத்தார்.

"தம்பி, போன ரெண்டு கிழமையும் ஏத்தின பேர் ஒண்டும் இதில இல்லை. பழைய லிஸ்ட்தான் நிக்குது. நான் இடம் எடுக்கிறன் எண்டு எதையோ அழிச்சுப்போட்டன் போல கிடக்கு."

"நீங்கள் அழிச்சதால இல்லை அக்கா. நாளைக்குக் காலமை இஞ்ச வந்து உங்கட கணினியில லொக் இன் பண்ணாதேங்கோ. நான் முதல்ல ஒரு கொப்பி எடுக்கிறன்."

முதல் முடிவு: யாரும் உள்நுழையக் கூடாது

அந்த ஒரு வசனம் ஏன் அவ்வளவு அவசரமாகச் சொல்லப்பட்டது என்பதை விளக்க வேண்டும். அன்று பின்னேரம் பட்டியலுக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. நகரக் கணினியில் குச்சவெளிப் பெயர்கள் உள்ள வடிவம், எல்லை தாண்டியதால் சேர்வருக்கு ஏறாமல் அங்கேயே கிடந்தது. மூதூருக்கு இறங்கியது சேர்வரில் இருந்த பழைய வடிவம். அது 2 ஜீபிக்குள் அடங்கியதால், மூதூரில் சேர்த்த பெயர்களோடு அன்று பின்னேரமே ஒழுங்காகச் சேர்வருக்கு ஏறிவிட்டது.

ரோமிங் புரொபைல் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும்போது கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எது பிந்தி மாற்றப்பட்டதோ அதை வைத்துக்கொள்ளும். அவர் மறுநாள் காலையில் நகரக் கணினியில் உள்நுழைந்திருந்தால், நேரத்தால் புதியதான மூதூர் வடிவம் இறங்கி, குச்சவெளிப் பெயர்கள் இருந்த வடிவத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். மழையிலும் வெள்ளத்திலும் போய்ச் சேர்த்த விபரங்கள் அழிந்திருக்கும். திரையில் ஓர் எச்சரிக்கைகூட வராது.

காலையில் நான் அந்தக் கணினியை நிர்வாகிக் கணக்கில் திறந்து, அவருடைய புரொபைல் கோப்புறையை முழுதாக வெளி வன்தட்டு ஒன்றுக்கு எடுத்தேன். சேர்வரில் இருந்ததையும் அப்படியே எடுத்தேன். மூதூர்க் கணினியில் இருந்த பிரதியை அங்குள்ள சக ஊழியர் பென் டிரைவில் எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு கோப்புறையின் பெயரிலும் இடத்தையும் திகதியையும் எழுதினோம். பல நாள் பாவிக்காத புரொபைல்களைக் கணினி மீளத் தொடங்கும்போது தானாகவே அழிக்கும் ஒரு விதியும் விண்டோஸில் உண்டு. இங்கு அது நடைமுறையில் இல்லை என்பதையும் உறுதி செய்தோம். இருந்திருந்தால் கணினியைத் தொடுவதற்கு முன்னரே அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

பட்டியல்களை ஒன்று சேர்க்கும் வேலையை அவரே செய்தார். இரண்டு எக்செல் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, விண்ணப்ப இலக்கத்தால் வரிசைப்படுத்தி, ஒன்றில் உள்ளது மற்றதில் இல்லையா என்று வரி வரியாகப் பார்த்தார். ஒரே குடும்பம் இரண்டிலும் வேறு வேறு தொலைபேசி இலக்கத்தோடு இருந்த இடங்களும் உண்டு. எது சரி என்பதை அந்த வீட்டுக்குப் போன ஆளால் மட்டுமே சொல்ல முடியும். கணினிப் பிரிவு அதில் கை வைக்காதது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

இடம் எங்கே போயிருந்தது

நகரக் கணினியில் புரொபைலின் அளவு 2.7 ஜீபி. ஒவ்வொரு கோப்புறையாகப் பண்புகளைத் திறந்து அளவைப் பார்த்தோம். மறைந்திருக்கும் கோப்புறைகளையும் காட்டும்படி அமைத்த பிறகுதான் கணக்கு ஒத்து வந்தது.

டெஸ்க்டொப்பில் இருந்த படங்கள் 1.1 ஜீபி. டொக்கியுமென்ட்ஸுக்குள் வைபர் தானாக இறக்கும் படங்கள் 600 எம்பி. செயலிகள் தங்கள் அமைப்புகளையும் தரவையும் வைக்கும் ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் உள்ள ரோமிங் கோப்புறை 480 எம்பி, அதில் பெரும்பகுதி வைபரின் உரையாடல் தரவும் சூம் செயலியும். டவுன்லோட்ஸில் 350 எம்பி. மிச்சம் 170 எம்பிதான் அவர் உண்மையாக எழுதிய கடிதங்களும் பட்டியல்களும்.

படங்களை அவர் எங்கேயோ வாங்கிச் சேர்க்கவில்லை. கிராமங்களில் இருந்து விண்ணப்பதாரர்கள் தேசிய அடையாள அட்டையின் இரண்டு பக்கங்களையும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும், கிராம உத்தியோகத்தர் ஒப்பமிட்ட கடிதத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வைபரில் அனுப்புகிறார்கள். வைபர் அதை ஒரு இடத்தில் இறக்குகிறது. அவர் தேடி எடுத்து டெஸ்க்டொப்பில் குடும்பப் பெயரில் இன்னொரு பிரதி வைக்கிறார். மின்னஞ்சலிலும் வந்தால் டவுன்லோட்ஸில் மூன்றாவது பிரதி. ஒரே அடையாள அட்டை மூன்று இடத்தில் கிடந்ததைப் பல தடவை கண்டோம்.

ஸ்கேன்களும் ஒரு காரணம். ஸ்கேனர் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), முழு நிறம் என்று அமைந்திருந்தது. ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐயில் எடுத்தால் ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகள். 600இல் எடுத்தால் அதன் நான்கு மடங்கு. கிராம உத்தியோகத்தரின் ஒப்பத்தை வாசிக்க 300 தாராளம்.

அவர் செய்த முயற்சிகள் பலிக்காததற்கும் விடை கிடைத்தது. ரீசைக்கிள் பின் புரொபைலுக்குள் இல்லை, அது டிரைவின் வேரில் இருக்கிறது. தற்காலிகக் கோப்புகளும் உலாவியின் கேஷும் ஆப்டேட்டாவின் லோக்கல் பகுதியில் தங்குபவை. அவை சேர்வருக்கு ஏறுவதேயில்லை. ஆகவே அவற்றைத் துடைத்தால் சி டிரைவில் இடம் கூடும், இந்த 2 ஜீபிக் கணக்கில் ஒன்றும் குறையாது. சி டிரைவிலோ ஏற்கனவே இடம் நிறைய இருந்தது.

இழுத்துப் போட்ட படங்களின் கதை இன்னும் நுணுக்கமானது. விண்டோஸில் ஒரே டிரைவுக்குள் இழுத்தால் கோப்பு நகரும். வேறு டிரைவுக்கு இழுத்தால் பிரதிதான் போகும், மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் "மாற்றிவிட்டேன்" என்று நம்பிய 1.1 ஜீபியும் டெஸ்க்டொப்பில் அப்படியே இருந்தது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் டிரைவு மாறினாலும் நகரும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

பொது டிரைவில் அழித்த ஸ்கேன் கோப்புறைக்கும் புரொபைலின் எல்லைக்கும் சம்பந்தமே இல்லை. அதோடு, சேர்வரின் பகிர்வுக் கோப்புறையில் அழிப்பது நம் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேரே போய்விடும். நல்லகாலம், சேர்வரில் கோப்புகளின் முந்திய நிலைகளைச் சேமித்து வைக்கும் நிழல் பிரதி வசதி இயங்கிக்கொண்டிருந்தது. மேல் கோப்புறையின் பண்புகளில் "முந்தைய பதிப்புகள்" பகுதிக்குப் போய், அழிப்பதற்கு முந்திய நாளின் நிலையில் இருந்து அதை மீட்டோம்.

எதை நகர்த்தினோம், எதைத் தொடவில்லை

எல்லையை 5 ஜீபி ஆக்கிவிடலாமே என்ற யோசனைதான் அலுவலகத்தில் முதலில் எழுந்தது. ஒரு நிமிட வேலை, செய்தியும் நின்றுவிடும். ஆனால் மூதூர் இணைப்பின் வேகம் 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட்). அதில் 1 ஜீபி போய்ச் சேர, இடையில் வேறு யாரும் பாவிக்காவிட்டாலும் ஏறக்குறைய 17 நிமிடம் வேண்டும். இதைவிட முக்கியமான காரணம், அந்த அடையாள அட்டைப் படங்கள் ஒருவருடைய தனிப் புரொபைலில் இருக்க வேண்டியவை அல்ல. அவர் விடுமுறையில் நின்றால் விண்ணப்பத்தை வேறு யாராலும் முன்னெடுக்க முடியாது. மக்கள் நம்பிக் கொடுத்த ஆவணங்கள் கணினிக்குக் கணினி பிரதியாகிப் பரவுவதும் சரியல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை அலுவலகத்தின் பொறுப்பாகவே பார்க்கிறது. ஆகவே எல்லையைத் தொடாமல், இடத்தை ஒழுங்குபடுத்த முடிவெடுத்தோம்.

சேர்வரில் அவருடைய பிரிவினர் மட்டும் திறக்கக்கூடிய கோப்புறை ஒன்றைத் திறந்து, விண்ணப்ப இலக்கத்தால் உள்கோப்புறைகள் போட்டோம். படங்களை முதலில் பிரதி எடுத்தோம். இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்து வருகிறதா என்று பார்த்தோம். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறந்து பார்த்த பிறகே மூலத்தை அழித்தோம். எது இரட்டிப்பு, எது வேண்டாதது என்பதை அவர் பக்கத்தில் இருந்து சொன்னார். டெஸ்க்டொப்பில் பழைய கோப்புறை இருந்த அதே மூலையில், அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைத்தேன். அது சில கேபிதான். கண் பழகிய இடத்திலேயே இருந்ததால் அவர் புதிதாக எதையும் பழக வேண்டியிருக்கவில்லை.

ஆப்டேட்டாவை முழுதாக அழித்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. ரோமிங் பகுதிக்குள் மின்னஞ்சல் கையொப்பம், சொல் அகராதி போன்றவற்றோடு, சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் திறவுகோல்களும் இருக்கின்றன. அவை போனால் பூட்டியவற்றைத் திறக்க வழியில்லை. அங்கிருந்து ஒரு கோப்பைக்கூட நாங்கள் அழிக்கவில்லை. வைபர், சூம் இரண்டின் கோப்புறைகளையும் புரொபைலோடு பயணிக்காதபடி, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்தில் விதி போடும் குழுக் கொள்கை என்ற வசதியில் விலக்கினோம். அவை நகரக் கணினியில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, எல்லைக் கணக்கில் மட்டும் வருவதில்லை.

விளைவு

புரொபைல் ஏறக்குறைய 250 எம்பிக்கு இறங்கியது. சேர்த்து முடித்த பட்டியலைப் பிரிவின் கோப்புறையில் வைத்து, மூன்று இடங்களில் இருந்த பழைய பிரதிகளும் புரொபைலில் இல்லாதபடி செய்த பிறகே அவரை உள்நுழையச் சொன்னேன். செய்தி நின்றது என்பதை மட்டும் நாங்கள் சான்றாக எடுக்கவில்லை. டெஸ்க்டொப்பில் அன்றைய திகதியோடு ஒரு சிறிய குறிப்புக் கோப்பை எழுதச் சொல்லி, அவரை வெளியேற வைத்து, வேறொரு கணினியில் உள்நுழையச் சொன்னேன். கோப்பு அங்கே இருந்தது. அதை அங்கே திருத்தி, திரும்பி வந்து பார்த்தோம். திருத்தமும் வந்திருந்தது. பட்டியல் மார்கழி முடிவதற்குள் போய்ச் சேர்ந்தது.

மற்ற உத்தியோகத்தர்களின் புரொபைல்களையும் பார்த்தபோது இன்னும் சிலர் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். அவர்களுடைய வேலையும் சேர்வருக்கு ஏறாமல்தான் இருந்தது. ஒரே கணினியை விட்டு நகராதவர்கள் என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வன்தட்டுகளில் ஒன்று பழுதாகியிருந்தால் காப்பாற்ற எதுவும் இருந்திருக்காது. அவர்களுக்கும் இதே ஒழுங்கில், முதலில் பிரதி, பிறகு சுத்தம் என்று செய்தோம்.

மாற்றப்பட்டவை, இன்னும் மாறாதவை

நகர அலுவலகத்தில் டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸையும் சேர்வருக்கே திசைதிருப்பிவிட்டோம். கோப்பு நேராகச் சேர்வரில் பதிகிறது, உள்நுழையும்போதும் வெளியேறும்போதும் தூக்கித் திரிவதில்லை. ஸ்கேனரை 300 டிபிஐக்கு மாற்றினோம். எல்லைச் செய்தியின் வாசகத்தை நிர்வாகி விரும்பியபடி எழுதிக்கொள்ள விண்டோஸ் இடம் தருகிறது. ஆங்கில வாசகத்தை எடுத்துவிட்டு இப்படி எழுதினோம்: "உங்கள் புரொபைல் நிரம்பிவிட்டது. இன்றைய வேலை சேர்வருக்குப் போகாது. எதையும் அழிக்காமல் கணினிப் பிரிவுக்கு அழையுங்கள்." கணினிப் பிரிவும் கிழமைக்கு ஒரு தடவை எல்லையை நெருங்கியவர்களின் பெயர்களைப் பார்க்கிறது.

மூதூரில் திசைதிருப்பலைச் செய்யவில்லை. மழைக்காலத்தில் அந்த இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. டெஸ்க்டொப்பே சேர்வரில் இருந்தால், இணைப்பு இல்லாத வேளையில் உத்தியோகத்தர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிவரும். ஓஃப்லைன் பிரதி வைக்கும் வசதியை அங்கே ஒரு கணினியில் மட்டும் பரீட்சித்து வருகிறோம். வைபரில் படம் வருவதும் நிற்கவில்லை. இறால்குழியில் இருப்பவர் ஒரு அடையாள அட்டைப் பிரதி கொடுக்கப் பஸ் ஏறி வர வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. வைபர் இறக்கும் இடத்தைப் புரொபைலுக்கு வெளியே, பிரிவின் கோப்புறைக்கு மாற்றி வைத்திருக்கிறோம். படம் வந்த அன்றே விண்ணப்ப இலக்கத்தின் கீழ் போடும் வேலை அந்தப் பிரிவின் முகாமைத்துவ உதவியாளரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.